பிளவுஸ் தைத்த கையால் சுவருக்கும் மேடைக்கும்: நீலகிரியில் துணிக்கலை, முழுமையான வழிகாட்டி

மெஷின் ஓட்டத் தெரியும். பிளவுஸ், ஸ்கூல் யூனிபார்ம், சேலைக்கு ஃபால்ஸ் என்று தைத்துக் கையில் நாலு காசும் வருகிறது. ஆனால் இதே துணியையும் நூலையும் வைத்து நம் இஷ்டத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பட்டறை கோத்தகிரிப் பக்கம். ஊட்டி, குன்னூர், கூடலூர்க்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். கொடைக்கானலில் இருப்பவர்கள் மழை மாதங்களையும் கடைத்தெருக்களையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

துணிக்கலை என்று நான் சொல்வது மூன்று வேலைகளைச் சேர்த்து: தினசரித் தையல், சுவரில் தொங்கும் கண்காட்சித் துண்டுகள், நாடகம் நடனத்துக்கான மேடை உடைகள். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மலையூரில் பிழைப்பது கஷ்டம். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்தால் ஒன்றில் கற்றது இன்னொன்றுக்கு உதவும். பானு அதையாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'காந்தி' படத்தின் உடைகளுக்காக இந்தியாவின் முதல் ஆஸ்கர் விருதை வாங்கியவர், ஓவியம் படித்து 1950-களில் பம்பாயில் முற்போக்கு ஓவியர்களோடு கண்காட்சி வைத்தவர்தான்.

எந்த வேலையை எடுத்தாலும் கத்தரிக்கோலைத் தொடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் துணி என்ன வேலை பார்க்கப் போகிறது? உடம்பில் கிடந்து வாரம் இரண்டு முறை தோய்க்கப்படப் போகிறதா, சுவரில் பத்து வருஷம் அசையாமல் தொங்கப் போகிறதா, அல்லது விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் ஓடி ஆடி வியர்க்கப் போகிறதா? துணி, ஊசி, சாயம், தையல், விலை எல்லாமே அந்தப் பதிலிலிருந்துதான் வரும்.

முதல் படி: ஈரத்தைச் சமாளியுங்கள்

சமவெளிக்காரர்கள் எழுதும் தையல் குறிப்புகளில் இது இருக்காது. நமக்கோ இதுதான் முதல் வேலை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் துணியில் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். ஜூலையில் ஊட்டியிலும் நவம்பரில் குன்னூரிலும் அது சர்வசாதாரணம். அருங்காட்சியகங்கள் துணிகளை 50 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கப் பார்க்கின்றன. நம் வீட்டில் அது நடக்காது, ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, துணி வைக்கும் அலமாரிக்குள்ளேயே மாட்டிவிடுங்கள்.

அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். நாலு விரல் இடைவெளி விட்டால் பின்னால் காற்று ஓடும். மலையில் பழைய பங்களாக்களில் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. இப்போது அதே இடத்தில் எல்இடி பல்பு போட்டுவிட்டுப் பூசணம் வருகிறதே என்கிறார்கள். எல்இடியில் சூடு எங்கே இருக்கிறது? குண்டு பல்பு போடுவதானால் துணி எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொடாதபடி கம்பிக்கூண்டு கட்டாயம், வீட்டில் ஆள் இல்லாதபோது அணைத்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் சிலிக்கா ஜெல் பைகளே நிம்மதி. மாதம் ஒருமுறை சூடுபடுத்தித் திரும்ப வைக்கலாம்.

கஞ்சி போட்ட துணியைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். கஞ்சிக்காகவே இராமபாணப் பூச்சி வரும், பூசணத்துக்கும் அதுதான் சாப்பாடு. அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் உள்ளேயே வியர்க்கும். துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வைப்பதை விட நல்ல உறை கிடையாது. மரத்தட்டு துணியை நேராகத் தொட்டால் நாளடைவில் பழுப்புக் கறை ஏறும், அதற்கும் வேட்டித் துணியையே விரிக்கலாம்.

இன்னொரு எதிரி வெயில். மலை வெயில் சுடாது என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் வரை கூடும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். கோயம்புத்தூரில் ஒரு வருஷம் தாங்கும் சாயம் இங்கே ஜன்னலோரத்தில் அதற்கு முன்பே வெளுத்துவிடும். முடித்த துண்டை ஜன்னலுக்கு எதிரே மாட்டி அழகு பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மெஷின், ஊசி, நூல்

மிதி மெஷின் இருந்தால் விற்றுவிடாதீர்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் மணிக்கணக்கில் வராது, அப்போது அதுதான் சோறு போடும். தோல் பெல்ட் ஈரத்தில் தளர்ந்து சக்கரத்தில் வழுக்கும். ஓர் அங்குலம் வெட்டித் திரும்பக் கொக்கி மாட்டினால் சரியாகிவிடும். பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். ஓட்டாமல் மூடி வைத்த மெஷின்தான் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

ஊசிக்கு நாம் வெளியூர் தேட வேண்டியதில்லை. 1949-ல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை நம் கேத்திப் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது, போனி ஊசிகள் அங்கிருந்துதான் உலகமெல்லாம் போகின்றன. கைவேலை ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும், மெஷின் ஊசியில் எண் ஏற ஏறத் தடிக்கும். வாயில், மஸ்லின் போன்ற மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ், வெல்வெட் அடுக்குகளுக்கு 16 அல்லது 18. மேடை உடையில் நாலைந்து அடுக்கு ஒரே இடத்தில் சேரும். 14-ஐ வைத்துக்கொண்டு அதில் மல்லுக்கட்டினால் ஊசி முறிந்து கண்ணுக்கு நேராகத் தெறிக்கும்.

எம்பிராய்டரி நூலில் ஆங்கர் கண்டு ஒன்று 8 மீட்டர், ஆறு இழை. சுவர்த்துண்டுக்கு இரண்டு இழை, மூன்று இழை பிரித்து எடுங்கள். மேடைக்கு ஆறு இழையும் போதாது, கம்பளி நூலோ நாடாவோ வேண்டும். இதற்கான காரணத்தை உடைப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: துணி வாங்குவதும் நனைப்பதும்

மலைக்கடைகளில் மீட்டர் துணிக்கு விலை அதிகம், வகையும் குறைவு. மாதம் ஒருமுறை கீழே இறங்கிவிடுவது நல்லது. கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில் லைனிங், லேஸ், ஜரிகைப் பட்டி எல்லாம் ஒரே நடையில் முடியும். பனியன் துணி துண்டுதுண்டாக வேண்டுமென்றால் திருப்பூர் காதர்பேட்டை. காடாத் துணியும் மொத்தமாக எடுக்க வேண்டியதும் இருந்தால் ஈரோடு கனி மார்க்கெட், வாரச்சந்தை நாள் பார்த்துப் போக வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்குச் சின்னாளப்பட்டியும் மதுரையும் பக்கம்.

வாங்கி வந்த பருத்தியை அப்படியே வெட்டக் கூடாது. வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்துவிடுங்கள். பருத்தி முதல் தோய்ப்பில் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை சுருங்கும். இரண்டு மீட்டர் சுவர்த்துண்டில் அது பத்து சென்டிமீட்டர் வரை. ஒரே துண்டில் காடாத் துணியையும் வாயிலையும் சேர்த்துத் தைத்திருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கிப் பரப்பெல்லாம் கொப்பளித்து நிற்கும்.

சாயம் போகுமா என்பதையும் இப்போதே பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, வாங்கிய துணியின் மூலையில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை மேடை உடைக்கு எடுக்காதீர்கள். வியர்வையில் சிவப்பு இறங்கி அடுத்த பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஏறும்.

நான்காம் படி: தேயிலைச் சாயம்

நிறத்துக்கு ஏராளமான வழி உண்டு. நம் ஊரில் மலிவாகவும் தப்பாமலும் கிடைப்பது தேயிலை என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் டஸ்ட் டீ. கொதிக்கவைத்து, அணைத்து, கால் மணி நேரம் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். தூள் ஒட்டினால் அந்த இடத்தில் புள்ளி விழும், ஆகவே இரண்டு முறை வடிகட்டினாலும் தப்பில்லை. நனைத்துப் பிழிந்த துணியை உள்ளே போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிஷத்தில் தந்த நிறம், அரை மணியில் வைக்கோல் நிறம், இரவு முழுக்க விட்டால் பழுப்பு. காய்ந்ததும் இரண்டு படி வெளிறும், அதை மனதில் வைத்து வெளியே எடுங்கள். பருத்தியில் தேயிலை நன்றாகப் பிடிக்க, முன்னதாகவே கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பது பழைய வழி. அது லேசான மஞ்சள் சாயலையும் தரும்.

சாம்பலும் கறுப்பும் வேண்டுமென்றால் அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நூறு கிராம் உலர்ந்த துணிக்கு இரண்டு கிராம் போதும். வெந்நீரில் கரைத்து, தேயிலையில் ஊறிய துணியை அதில் முக்கினால் கண் முன்னாலேயே பழுப்பு சாம்பலாக மாறும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது, பழைய காலத்து எழுதும் மையும் இதே முறைதான். அளவு கூடினால் நிறம் ஆழமாகும் என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள். இரும்பு பருத்தியை உள்ளிருந்து அரிக்கும். நூற்றாண்டு பழைய துணிகளில் கறுப்பு நூல் மட்டும் உதிர்ந்துபோய் மற்ற நிறங்கள் நிற்பதற்கு இதுதான் காரணம். ஆகவே மேடை உடைக்கு அன்னபேதி சரி, பத்து வருஷம் தொங்க வேண்டிய துண்டுக்குக் கறுப்பை ரெடிமேட் நூலிலிருந்து எடுங்கள். சமையல் பாத்திரத்தில் இதைச் செய்யவே கூடாது, அன்னபேதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சுவர்த்துண்டு

என்ன தைப்பது? எல்லோரும் தேயிலைச் சரிவும் மலை ரயிலும் தைக்கிறார்கள். சீசனில் அது விற்கும், மறுக்கவில்லை. கண்காட்சிக்கு அனுப்பும் துண்டுக்கு இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பில் சுற்றிக் கட்டும் படுதாவில் செடி உரசி உரசி விழுந்த கீறல்கள் இருக்கும். அந்தக் கீறல்களை மட்டும் ஓட்டுத்தையலில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தைத்தாலே போதும், மலை தானாக அதற்குள் வந்துவிடும்.

பனிமூட்டம் செய்வதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கெடுப்பவர்கள் அதிகம். அடித்துணியில் மரங்களையும் வரப்புகளையும் முழுசாகத் தைத்து முடியுங்கள். மேலே வெள்ளை வாயில் ஒரு அடுக்கு, அதன் மேல் இன்னொரு அடுக்கு விரித்து, ஓரம் முழுக்க நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பனி கலைய வேண்டிய கோட்டில் இரண்டு அடுக்கையும் சேர்த்து, வாயில் நிறத்திலேயே ஒற்றை இழையில் மிகச் சின்ன ஓட்டுத்தையல். பிறகு கூர்மையான சின்னக் கத்தரிக்கோலால் கோட்டுக்குக் கீழே மேலடுக்கை மட்டும் வெட்டி எடுங்கள். அதற்கும் கீழே இன்னொரு கோடு தைத்து இரண்டாவது அடுக்கையும் எடுத்தால் அங்கே அடித்துணி பளிச்சென்று தெரியும். வெட்டிய ஓரம் கொஞ்சம் பிரிந்து நூல் நீட்டும், அதைச் சுத்தம் செய்யாதீர்கள்.

வளைந்த வரப்புகளுக்குச் சங்கிலித் தையலை விட, தடித்த நூலைத் துணி மேல் கிடத்தி, மெல்லிய நூலால் அங்கங்கே குத்திப் பிடிப்பது வேகமாகப் போகும். கம்பளி நூலை இப்படிப் பிடித்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழும். சுவர்த்துண்டுக்கு அந்த நிழல்தான் உயிர். ஃபிரேமில் துணியை முரசு போல இழுத்துக் கட்டிவிட்டு இரவில் அப்படியே விட்டுவிடக் கூடாது, வளையத் தடம் போகவே போகாது.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிரேம் கிடையாது, வரைபடம் கிடையாது. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தோடர் பெண்கள் போடும் வேலை அது. பூத்துக்குளி போர்வையைப் பார்க்கும் யாருக்கும் கை பரபரக்கும். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நாம் அந்த வடிவங்களை மெஷினில் அடித்துத் தோடர் வேலை என்று விற்பது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு. பிடித்திருந்தால் அவர்களிடமே விலை கொடுத்து வாங்குங்கள். இழை எண்ணித் தைக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் வடிவத்தை நீங்கள் தேடுங்கள்.

ஆறாம் படி: தொங்கவிடுதல்

ஆணி அடித்துக் கிளிப் மாட்டிய துண்டு எத்தனை நல்ல வேலையாக இருந்தாலும் தையல் கிளாஸ் சாம்பிள் மாதிரிதான் தெரியும். பின்புறம் மேல் ஓரத்தில் துணிக்குழல் தையுங்கள். ஒன்பது அங்குல அகலப் பருத்திப் பட்டை, நீளம் துண்டின் அகலத்தை விட இரண்டு அங்குலம் குறைவு. அரை அங்குலம் தையல் விட்டு நீளவாட்டில் குழலாக அடித்தால் நாலு அங்குலக் குழல் வரும். அதன் மேல் விளிம்பைத் துண்டின் பின்புறம், உச்சியிலிருந்து அரை அங்குலம் கீழே, கையால் தையுங்கள். ஊசி முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. கீழ் விளிம்பைத் தைக்கும்போது குழலை இழுத்துப் பிடிக்காமல் அரை அங்குலம் தொளதொளப்பு விடுங்கள். உள்ளே போகும் கம்பியின் தடிமனுக்கு அந்தத் தொளதொளப்பு இடம் தரும். இல்லையென்றால் முன்பக்கம் கம்பி மேடு தட்டும். அலுமினியக் குழாய் நல்லது. மரக்கம்பு என்றால் வார்னிஷ் அடித்துக் காயவையுங்கள்.

துண்டின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் வந்தால் நிற்பவர் கண்ணுக்கு நேராக இருக்கும். துணிக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்சம் 50 லக்ஸ்தான், அதாவது மங்கல். கண்காட்சிக்காரர் ஸ்பாட்லைட்டைக் கிட்டக் கொண்டுவந்தால் தயங்காமல் நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதானால் கண்ணாடி துணியைத் தொடாதபடி இடைக்கட்டை வைக்கச் சொல்லுங்கள். மலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனிக்கும்.

அனுப்பும்போது மடிக்காதீர்கள். பெரிய அட்டைக் குழாயில் வேட்டித் துணி சுற்றி, எம்பிராய்டரி வெளிப்பக்கம் இருக்கும்படி உருட்டுங்கள். உள்பக்கம் வைத்து உருட்டினால் தையல்கள் நசுங்கிச் சுருக்கம் முன்பக்கம் விழும்.

ஏழாம் படி: கண்காட்சியும் விலையும்

போட்டோ முதலில். இதில் மட்டும் மலைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம். மூட்டமான காலைப்பொழுதில் வாசலில் மாட்டி எடுத்தால் ஸ்டுடியோ வெளிச்சம் இலவசம். முழுத்துண்டு ஒன்று, பக்கவாட்டில் கிட்டப்போய் ஒன்று, பின்புறம் ஒன்று. பின்புறத்தையும் அனுப்புங்கள், விஷயம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எங்கே வைப்பது என்றால், மே மாதக் கோடை விழா நேரத்தில் ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சி என்று கூட்டம் தானாக ஏறி வரும். அந்தக் கூட்டம் பெரிய துண்டு வாங்காது. அதற்கு உள்ளங்கை அளவு துண்டுகளை அட்டையில் ஒட்டி, கழிவுத் துணிப் பையில் போட்டுக் கொடுங்கள். பிளாஸ்டிக் பைக்கு இங்கே எப்படியும் தடை. பெரிய துண்டுகளுக்குச் சென்னை கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி போன்ற அரங்குகளும், கோயம்புத்தூர், கொச்சிப் பக்கத்துக் கேலரிகளும்தான் வழி. கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வையுங்கள். அரசுக் கண்காட்சிகளில் ஸ்டால் கேட்கும்போது அது உதவும். சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்டத்தின் விற்பனைக் கண்காட்சிகளிலும் இடம் கேட்கலாம்.

விலையில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம்: துணியும் நூலும் 1,400 ரூபாய். எழுபது மணி நேர வேலை, மணிக்கு 120 ரூபாய் வைத்தால் 8,400. மெஷின் தேய்மானம், கரண்ட், பஸ், குழாய் என்று ஓர் ஆயிரம். மொத்தம் 10,800. கேலரி 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்றால், 10,800-ல் 40 சதவீதத்தைக் கூட்டி 15,120 என்று போடுவார்கள். கேலரி தன் பங்கை விற்ற விலையில் எடுக்கும். உங்களுக்கு வருவது 9,072, கைநஷ்டம். 10,800-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும். 18,000 என்று சீட்டில் எழுதுங்கள். அதே துண்டை வீட்டில் வந்து கேட்பவருக்கும் 18,000-தான். கேலரிக்குத் தெரியாமல் குறைத்து விற்றால் அடுத்த முறை சுவர் கிடைக்காது.

பெயர்ச்சீட்டில் தலைப்பு, பயன்படுத்திய பொருள், உயரம் பெருக்கல் அகலம், வருஷம். அவ்வளவு போதும். தத்துவம் எழுத வேண்டாம்.

எட்டாம் படி: மேடை உடை

நவம்பரில் போன் வரும். "அக்கா, இருபத்தெட்டு பிள்ளைங்க, கிறிஸ்துமஸ் நாடகம், மூணு வாரத்துல முடியுமா?" உடனே விலை சொல்லாதீர்கள். "மிஸ், முதல்ல கதையைச் சொல்லுங்க, யார் எந்தக் காட்சியில வர்றாங்கன்னு எழுதி அனுப்புங்க" என்று கேளுங்கள். காட்சிகளை மேலேயும் பாத்திரங்களைப் பக்கத்திலும் எழுதிக் கட்டம் போட்டால் இரண்டு விஷயம் தெரியும்: ஒரே பிள்ளை எங்கே உடை மாற்ற வேண்டும், அதற்கு எத்தனை நிமிஷம் கிடைக்கிறது. ஒரு நிமிஷம்தான் என்றால் பொத்தானும் காஜாவும் வேண்டாம். முதுகில் வெல்க்ரோ, அல்லது பெரிய டிச் பட்டன். வெல்க்ரோ பிரியும் சத்தம் மேடை வரை கேட்கும் என்பதால் அமைதியான காட்சிக்கு நடுவே மாற்றுவதாக இருந்தால் கொக்கி.

அளவு எடுக்கும்போது தெர்மலும் ஸ்வெட்டரும் போட்டபடியே எடுங்கள். டிசம்பர் இரவில் ஊட்டியில் எந்த அம்மாவும் பிள்ளையை ஒற்றை வெள்ளை கவுனில் தேவதையாக நிற்கவிட மாட்டார். கழுத்துக்குள் தெர்மல் எட்டிப் பார்க்காதபடி கழுத்தை மேலே ஏற்றி வெட்டுங்கள். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே துணி விட்டால் அடுத்த வருஷம் வேறு பிள்ளைக்கு ஆகும். அக்குளில் நாலு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை மூலை மேலே பார்க்கத் திருப்பி வைத்துத் தையுங்கள். கையைத் தூக்கினால் உடை முழுக்க மேலே ஏறாது, தையலும் கிழியாது. பிளவுஸ் தைத்துப் பழகிய நமக்கு உடையை உடம்போடு ஒட்டவைக்கத்தான் கை போகும். மேடை உடையில் ஆடுகிறவருக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

இப்போது தூரம். முப்பது அடிக்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு நம் இரண்டிழை எம்பிராய்டரி வெறும் அழுக்காகத்தான் தெரியும். அரை அங்குல நாடா, பெரிய அப்ளிக் (மேலே வைத்துத் தைக்கும் துணித்துண்டு), துணி பெயிண்டில் தடித்த கோடு, இவைதான் எட்டும். தெருக்கூத்தின் கிரீடத்தையும், தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் பாருங்கள். கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் கிட்டத்தில் முரட்டுத்தனமாக இருக்கும், ராத்திரி விளக்கில் வேடக்காரர் திரும்பும்போது ஒவ்வொரு சில்லும் வெளிச்சத்தைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு எறியும். தைத்ததை மைதானத்தின் மறுகோடியில் மாட்டிப் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். சட்டையும் மேல்துண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றியாக வேண்டும்.

வெள்ளையை அப்படியே மேடைக்கு அனுப்பாதீர்கள். விளக்கில் அது கூசும், முகம் இருண்டுபோகும். நாலாம் படியில் சொன்ன தேயிலைத் தண்ணீரில் மூன்று நிமிஷம் முக்கி எடுத்த வெள்ளைதான் மேடையில் வெள்ளையாகத் தெரியும். ஆட்டிடையன் உடை புதுசாக இருந்தாலும் எடுபடாது. முழங்கையிலும் விளிம்பிலும் உப்புத்தாள் தேய்த்து, கெட்டித் தேயிலையைத் தெளித்துப் பழசாக்குங்கள். மெழுகுவத்தி ஏந்தும் காட்சி இருந்தால் நைலான் வலை, பாலியெஸ்டர் இறக்கை எதுவும் கூடாது, பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பேட்டரி மெழுகுவத்தி வாங்கச் சொல்லிப் பள்ளியிடம் பிடிவாதம் பிடியுங்கள்.

பரதநாட்டிய உடை வேறு உலகம். அதில் விசிறி மடிப்பு ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது வந்துவிடும். சேலையின் முந்தானைப் பகுதியை ஒரே சீரான மடிப்புகளாக மடித்துத் தேய்த்து, பின்பக்கம் இரண்டு மூன்று இடங்களில், ஒவ்வொரு மடிப்பின் உள்விளிம்பையும் ஊசியால் தொட்டுத் தொட்டு நீள இழை ஓட்டுங்கள். அரைமண்டியில், அதாவது முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும்போது, விரிய வேண்டிய அகலத்துக்கு அந்த இழையில் இடம் விடுங்கள். இறுக்கினால் விசிறி திறக்காது, தொளதொளவென்று விட்டால் மடிப்பு சரிந்து தொங்கும். ஆடுகிற பெண்ணையே அரைமண்டியில் உட்காரவைத்து அளவு பார்ப்பதுதான் ஒரே வழி.

வெல்வெட், ஜிகினா வேலை கற்க ஆசை இருப்பவர்கள் ஒருமுறை மதுரைக்குப் போய் வாருங்கள். மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் கள்ளழகர் வேட உடைகள் தைக்கும் வேகத்தைப் பார்த்தால் நம் மூன்று வாரக் கெடு பெரிசாகவே தெரியாது.

வருஷத்தை எப்படிப் பிரிப்பது

ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டிருக்கும். சாயம் போடுவதும் காயவைப்பதும் அப்போது, உறைபனி உருகின பிறகு. மார்ச்சில் சின்னத் துண்டுகள், ஏப்ரல் மே விற்பனை. ஜூன் தொடக்கத்தில் யூனிபார்ம் அவசரம் முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ளும், செப்டம்பர் வரை உள்ளே உட்கார்ந்து பெரிய சுவர்த்துண்டு. அக்டோபருக்குள் மேடை உடைக்கான துணி முழுவதையும் கீழேயிருந்து ஏற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் லைனிங் துணிக்காக எல்லாம் நின்றுவிடும்.

திரும்பி வந்ததைக் கவனித்தல்

கண்காட்சியிலிருந்து திரும்பிய துண்டை நேராக அலமாரிக்குள் வைக்காதீர்கள். இரண்டு வாரம் தனி அறையில் விரித்து வைத்து, பூச்சி, பூசண வாடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.

மேடை உடைகள் முடிந்த மறுநாளே தோய்க்கப்பட வேண்டும். வியர்வை ஒரு வாரம் ஊறினால் அக்குள் துணி மக்கிப்போகும். பள்ளி தோய்த்துத் தரும் என்று நம்ப வேண்டாம், அதையும் கூலியில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு உடையின் கழுத்துப் பட்டிக்குள்ளும் எண், மார்பளவு, நீளம் மூன்றையும் அழியாத பேனாவில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் நோட்டில் இருந்தால் அடுத்த வருஷம் வாடகைக்கு விடலாம். தைத்த கூலியில் நாலில் ஒரு பங்கு வாடகை, அதே அளவு முன்பணம், கறையோ கிழிசலோ இருந்தால் முன்பணத்தில் கழிவு. இறக்கைகளை மட்டும் வாடகைக்கு விடாதீர்கள், ஒன்றுகூட முழுசாகத் திரும்பாது. அவற்றை முதலிலேயே விலைக்கு விற்றுவிடுங்கள்.